வாய்ப்பாடு தெரிந்த ஆறு வாத்துகள்

கொள்ளிடத்துத் தண்ணீர் மேல் சத்தியம், சலூன்காரன் பன்னீர் என் தொண்டைக்கு நேரே பிடித்திருந்த கத்தி மேல் சத்தியம், இதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. நேற்று அவன் கடையில் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது என்னிடம் ஆயிரம் வாத்து. அடையாளத்துக்கு முதுகில் சாயம் பூசுவது எங்கள் தொழில் வழக்கம். முன்னே நடத்திப் போகும் ஆறு வாத்துக்கு மட்டும் வரிசையாக 1, 4, 2, 8, 5, 7 என்று எழுதிவிட்டேன். அந்த ஆறும் போகிற பக்கம்தான் ஆயிரமும் போகும்.

அறுத்த வயலில் மேயும்போது இன்னொரு வாத்துக்காரன் கூத்தையனுடைய மந்தை வந்து கலந்துவிட்டது. அவன் கூசாமல், "முன்னாடி நிக்கிற ஆறும் என்னுது" என்றான். ஆறு போனால் ஆயிரமும் போச்சு, என் பிழைப்பும் போச்சு. வயல்காரர் வேதையன், "யார் சொல்லுக்குக் கட்டுப்படுதோ, அவனுக்கே" என்றார்.

நான் தொண்டையைக் கனைத்து, "ரெண்டு!" என்றேன். முன்னால் நின்ற 1ம் 4ம் குடுகுடுவென்று கடைசிக்குப் போய் நின்றன. 285714!

"அதனால என்ன, பெருசு?" என்றார் சலூன் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சவரிமுத்து.

"போனை எடுத்து 142857ஐ ரெண்டால பெருக்கிப் பாரும்."

பெருக்கினார். பேப்பர் கீழே விழுந்தது. "கணக்கு சரியாத்தான்யா வருது!"

அடுத்து வாத்துகளிடம் "மூணு!" என்றேன். கடைசி 4 ஓடிவந்து முன்னால் நின்றது. 428571. "அஞ்சு!" கடைசியில் நின்ற 7ம் 1ம் முன்னே வந்தன. 714285. பிறகு 142 மூன்றும் 857 மூன்றின் முதுகில் ஏறிக்கொண்டன. 1க்குக் கீழே 8, 4க்குக் கீழே 5, 2க்குக் கீழே 7. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்பது!

"மாமா, தாடையை ஆட்டாதீங்க, கத்தி பட்டுடும்" என்றான் பன்னீர். சிரிப்பில் அவன் கைதான் ஆடியது.

கூத்தையனுக்கு வயிறு எரிந்தது. "எனக்குந்தான் கட்டுப்படும். ஏழு!" என்று கத்தினான். அவ்வளவுதான், ஆறு முதுகிலும் சாயம் நெளிந்து ஆறுமே ஒன்பதாகிவிட்டது.

"999999! ஐயோ, அதுவும் வருதே!" என்றார் போனில் ஏழால் பெருக்கிப் பார்த்த சவரிமுத்து.

எல்லாமே ஒன்பது என்றால் எது முன்னே போவது? ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பின்னால் ஆயிரமும் நகரவில்லை. "கூத்தையன் சொல்லையும் கேக்குதே" என்று வேதையன் அவன் பக்கம் சாய்ந்தார். சட்டென்று ஒரு வாத்துக்குஞ்சின் முதுகில் 1 எழுதி, "கூட்டு!" என்று வரிசைக்குள் விட்டேன்.

குஞ்சு பாய்ந்து முன்னே போய் நின்றது. அதன் பின்னால் ஆறு வாத்தைக் காணோம். வரிசையாக ஆறு வெள்ளை முட்டை. பத்து லட்சம்!

ஆயிரமும் குஞ்சின் பின்னாலேயே என் கொட்டகைக்கு வந்துவிட்டன. வேதையன், "கூத்தையா, நீ கேட்ட ஆறு இந்தா, உடையாம பொறுக்கிக்கோ" என்றார்.

"அது சரி பெருசு, அந்த ஆறு வாத்தும் எங்கதான் போச்சு?" என்றார் சவரிமுத்து.

அதைத்தான் கூத்தையனும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிகிறான். உங்கள் பக்கம் வந்தால் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.