கருப்பரின் முதல் பார்வை

வேளாங்குளத்தில் வருஷா வருஷம் திருவிழாவுக்குக் கருப்பசாமியை மண்ணிலே புதுசாகச் செய்வார்கள். அந்த வருஷம் வேலை பாதியில் இருக்கும்போது ஜமீன்தார் மருதப்பத் துரை குதிரையில் வந்து இறங்கினார். அந்தக் கோயில் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனிதர்.

“இந்தத் தடவை சாமிக்கு என் முகம் இருக்கணும். இல்லேன்னா ஊரைக் கொளுத்திப்புடுவேன்” என்றார். பின்னால் தீவட்டியோடு ஆட்கள் நின்றார்கள்.

செய்தால் கருப்பர் விடமாட்டார். செய்யாவிட்டால் துரை விடமாட்டார். சிலை செய்யும் சூரவேளார் கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே நின்றார்.

மண் மிதிக்கும் ஒச்சாயிதான் முன்னால் வந்தாள்.

“செஞ்சுடலாம் எசமான். ஆனா கடைசியா கண்ணை எழுதித் திறக்கிறப்ப சிலைக்கு நேரா ஆள் நிக்கமாட்டோம். முதல் பார்வை பொல்லாதது. ஒரு கிடாயைத்தான் நிறுத்துவோம். இப்ப உங்க கண்ணைப் பாத்துத்தானே எழுதணும்? அதனால நீங்கதான் நேரா நிக்கணும்.”

துரை, கண் எழுதாத அந்த மண் முகத்தைப் பார்த்தார்.

“போன வருஷம் நின்ன கிடாய் என்னாச்சு?”

“பொழுது சாயறதுக்குள்ள செத்துப்போச்சு எசமான்.”

துரைக்கு வேர்த்துக் கொட்டியது. “பழைய முகமே இருக்கட்டும்” என்று குதிரையைத் திருப்பினார். தீவட்டிக்காரர்கள் அவருக்கு முன்னாலேயே ஓடினார்கள்.

குதிரைப் புழுதி அடங்கியது. பிறகு வேளார் மெல்லக் கேட்டார்: “ஏத்தா, அந்தக் கிடாயை நாமதானே வெட்டினோம்?”

“ஆமா” என்றாள் ஒச்சாயி. “கறிச்சோறு திங்க ஒரு தடவை வந்திருந்தா துரைக்கும் தெரிஞ்சிருக்கும்.”