அடுப்புக்கு வந்த பலம்

“குளுக்கோஸ் வாங்கினது நாம, பலம் வந்தது அடுப்புக்கா? இது நியாயமா?”

நொச்சிப்பட்டிக் கயிறிழுக்கும் அணியைச் சேர்ந்த மருதையன் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் அறிவு போதவில்லை.

நடந்தது இதுதான். சாயங்காலம் கீழப்பட்டியோடு போட்டி. தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக அணித்தலைவன் ஒச்சப்பன் சந்தையில் நின்று சவால் விட்டுத் தொலைத்திருந்தான். அவனிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்ததே அந்த மீசை ஒன்றுதான். பயந்துபோய், அவனும் மருதையனும் பூச்சியும் பலத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று காலையில் நர்ஸ் ஸ்டெல்லாவிடம் போய் நின்றார்கள்.

“குளுக்கோஸ் சாப்பிடுங்க. நீங்க இழுக்கிற மூச்சுக் காத்தோட சேர்ந்து, உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் அது கொஞ்சம் கொஞ்சமா எரியும். அதுலதான் பலம் வரும். கரியமில வாயுவும் தண்ணியும் வெளிய போயிரும்,” என்றாள் அந்த மகராசி. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வாங்கிக்கொண்டு மருதையன் வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டார்கள். உடனே ஒருவன் வாய்க்குள் ஒருவன் எட்டிப் பார்த்தார்கள்.

“புகை வருதாடா பூச்சி?” என்றான் ஒச்சப்பன், வாயை மூடாமலே.

“ஒண்ணையும் காணோம்ணே. வெத்தலைக் கறைதான் தெரியுது.”

பூச்சி ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினான். ஒச்சப்பன் ஊதினான். கண்ணாடியில் முத்து முத்தாக ஈரம்.

“அய்யய்யோ, தண்ணி! உள்ள இருந்த நெருப்பை எவனோ அணைச்சுட்டான்ணே!”

“அணைஞ்ச அடுப்புல எதைப் போட்டு என்ன புண்ணியம்?” என்றான் மருதையன். “எரியணும், அவ்வளவுதானே? எரியிற அடுப்புல போடுவோம்.”

அவன் மனைவியின் இரும்பு அடுப்பில் மிச்சப் பொட்டலத்தை மொத்தமாகக் கொட்டினார்கள். ‘கொஞ்சம் கொஞ்சமா’ என்று நர்ஸ் சொன்னதை யார் கேட்டது? பாகாய் உருகி, குப்பென்று பற்றி, கூரை முட்டப் புகை. வெளியே வந்த பலத்தைப் பிடிக்க மூன்று பேரும் அடுப்பைக் கட்டிப்பிடித்தார்கள். பிடித்த வேகத்தில் அலறிக்கொண்டு மல்லாந்தார்கள்.

“மூணு ஆம்பளையை ஒரே தள்ளுல தள்ளிருச்சே!” என்று ஒச்சப்பன் கையை ஊதிக்கொண்டே வியந்தான். “பலம் பூரா இதுக்குள்ளதான் இருக்கு.”

அப்போது ஆரம்பித்ததுதான் மருதையனின் ‘நியாயமா’ பாட்டு.

“விடுடா,” என்றான் ஒச்சப்பன். “அடுப்பையே அணியில சேர்த்துக்குவோம்.”

சாயங்காலம் கயிற்றை அடுப்பின் காலில் கட்டினார்கள். இவர்கள் கயிற்றைத் தொடவில்லை. தொட்டால் பலம் தங்கள் உடம்புக்குள் பாய்ந்து மறுபடியும் அணைந்துபோகுமாம். விசில் ஒலித்தது. கீழப்பட்டிக்காரர்கள் ஒரு இழு இழுத்தார்கள். அடுப்பு லொடலொடவென்று கோட்டைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தது.

சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். “உக்காரு ஒச்சப்பா.”

“நான் ஏன் உக்காரணும்? கோட்டைத் தாண்டினது நானா?”

கீழப்பட்டிக்காரர்கள் கூடிப் பேசி, அவன் சொல்வது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு ஊருக்கும் குடிதண்ணீர் ஒரே கிணறுதானே.

சலூன்காரர் மண்டியிட்டு, அடுப்பில் மீசையாய்ப் படிந்திருந்த கரியில் சோப்பு நுரையை இதமாகத் தடவினார்.

“அண்ணே, மூஞ்சியைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்புங்க.”