நாலு கோட்டு பெயின்ட்

மலையடி மடத்து ஜீப்பை ஓட்டிய மருதையனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு நல்லசிவ சாமிக்கு நாற்பது. காவி கட்டுவதற்கு முன்னால் சாமி ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவர்.

அன்று மூன்று மணிக்கு ஜீப்பை எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்கு, ஆபீசரிடம் காட்ட வேண்டும். முன்விளக்கு இரண்டும் எரியவில்லை. எஃப்.சி. கிடைக்காவிட்டால் ஜீப்பை எடைக்குப் போட்டுவிடுவது என்று மடத்தில் முடிவாகியிருந்தது. ஜீப் போனால் மருதையனுக்குச் சமையல்கட்டில் வேலை. அங்கே தலைமை வீரபாகு.

வீரபாகுவோடு மருதையன் பேசி ஒன்பது வருடமாகிறது. ஒரு குருபூஜைப் பந்தியில் வீரபாகு பரிமாறிய பாயசம் மருதையனுக்குப் பக்கத்து இலையோடு நின்றுபோனது. தீர்ந்ததா, தீர்த்தார்களா என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இது வீரபாகு வேலை," என்றார் மருதையன்.

"அவர் என்ன செஞ்சார்?"

"விளக்கு எரியலன்னதும் டவுனுக்குக் காய் வாங்கப் போனவன்கிட்ட நீங்கதானே சுவிட்ச் வாங்கிட்டு வரச் சொன்னீங்க? அவன் கை பட்டது எரியுமா? கழற்றி எறிஞ்சுட்டு நானே போய் வேற வாங்கி மாட்டினேன்."

"எரிஞ்சுதா?"

"இல்ல. கடைக்காரன் வீரபாகுவுக்குச் சொந்தமாம்."

"அப்புறம்?"

"வேற கடையில மூணாவது சுவிட்ச் வாங்கினேன்."

"அந்தக் கடைக்காரர்?"

"அவர் நல்ல மனுஷன், சாமி. அதான் எனக்கும் புரியல."

சாமி டெஸ்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டினார். மறு வயரைச் சுவிட்சில் வைத்தார். பல்பு எரிந்தது. விளக்குக்கு வரும் வயரில் வைத்தார். அங்கும் எரிந்தது.

"கரண்ட் விளக்கு வரைக்கும் வந்துடுது, ஐயா."

"வந்தா எரிய வேண்டியதுதானே?"

"திரும்பிப் போகவும் வழி வேணும்."

சாமி ஒரு துண்டு வயரை எடுத்தார். விளக்கின் கறுப்பு வயரை அதனால் நேராக பேட்டரி நெகட்டிவோடு சேர்த்தார். இரண்டு விளக்கும் பளீரென்று எரிந்தன. மருதையன் கும்பிட்டார்.

சாமி கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனார். அது ரேடியேட்டர் ஓரம் பாடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த இடம் கண்ணாடிபோல் மின்னியது.

"பெயின்ட் யார் அடிச்சது?"

"நான்தான். ஆபீசருக்கு முகம் தெரியணும்னு நாலு கோட்டு."

"இந்த வயரைக் கழற்றிட்டா அடிச்சீங்க?"

"பின்னே? கழற்றி, அதுக்கு அடியில மட்டும் ரெண்டு கோட்டு அதிகமா அடிச்சு, காயவச்சு மாட்டினேன். வேலைன்னா சுத்தமா இருக்கணும்."

"வயர் இரும்பைத் தொட்டாத்தான் கரண்ட் திரும்பிப் போகும், ஐயா. பெயின்ட் மறிக்குது. சுரண்டணும். உப்புத்தாள் வேணும்."

"எங்க இருக்கு?"

"வீரபாகுகிட்ட. அடுப்பு தேய்க்க வச்சிருக்கார்."

மருதையன் கல்லாக நின்றார். "நீங்க கேட்டா உடனே கொடுப்பான், சாமி."

"நான் கேட்டா எனக்குக் கொடுப்பார். மணி ரெண்டாகப் போகுது."

மருதையன் சமையல்கட்டுக்குப் போனார். போன வேகத்தில் உப்புத்தாளோடு திரும்பினார். குனிந்து போல்ட்டின் அடியைத் தேய்த்தார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் வயரை வைத்து இறுக்கினார். சுவிட்சைப் போட்டார். விளக்குகள் எரிந்தன.

அவர் முகம்தான் தெளியவில்லை.

"சாமி, நான் வாயத் திறக்கறதுக்குள்ள உப்புத்தாளை நீட்டறான். மடிச்சு ரெடியா வச்சிருக்கான். முன்னால லாரி கிளீனரா இருந்தவனாம். ஒன்பது வருஷமா எனக்குத் தெரியாது."

"சரி."

"வயருக்கு அடியில நான் பெயின்ட் அடிச்சதை அன்னிக்கே பார்த்தானாம். எட்டு நாளா மனசுல வச்சிருக்கான்! அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? மனுஷனா அவன்?"

சாமி துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தார். ஜீப்புல உங்க ஜன்னல் பக்கம் நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டார். அவர் போற வரைக்கும் நீங்க ஹாரனை அழுத்திக்கிட்டே இருந்தீங்க. வண்டியை எடுங்க, ஐயா. ஹாரனை மட்டும் நாம சோதிக்க வேண்டியதில்ல."