செம்பி பிடித்த விரால்

ஈச்சங்காட்டுக் குளத்தில் அன்றைக்குத் தூண்டில் நாள். விலங்குகள் எல்லாம் சொந்தபந்தத்தோடும் கூட்டாளிகளோடும் விடிந்ததுமே கரையில் கூடிவிட்டன.

மூங்கில் குச்சி, கருவேல முள், வாழைநாரைக் கிழித்து எடுத்த ஒற்றை இழை. இவ்வளவுதான் தூண்டில். தடித்த கயிறு கொண்டுவந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். பிடித்த மீனை நாரை அளந்ததும் குளத்திலேயே விட்டுவிடுவார்கள். பெரிய மீனைப் பிடித்தவருக்கு அந்தக் கோடை முழுக்க நாவல்மரத்து மடு சொந்தம்.

குளமே வற்றினாலும் அந்த மடு வற்றாது. போன கோடையில் செம்பி என்ற காட்டுப்பூனையின் குட்டிகள் தண்ணீர் கிடைக்காமல் சேற்றை நக்கின. "இந்த வருசம் மடு நமக்குத்தான்" என்று அவற்றிடம் சொல்லிவிட்டுத்தான் செம்பி வந்திருந்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில் அவள் இழை விர்ரென்று ஓடியது. விரால்! பெரிய விரால்!

செம்பி இழுக்கவில்லை. மீன் ஓடினால் விட்டாள். நின்றால் இழையைக் குச்சியில் கொஞ்சம் சுற்றினாள். மறுபடி ஓடினால் மறுபடி விட்டாள். ஒற்றை இழையில் வேறு என்ன செய்ய முடியும்?

பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் கடுவன் கால் நீட்டிப் படுத்திருந்தார். அவருடைய இழை காலையிலேயே அறுந்துபோய்விட்டது. கெளுத்திக்குஞ்சு கடித்ததற்கே வெடுக்கென்று இழுத்தால் அறாமல் என்ன செய்யும்? ஆனால் வாய் மட்டும் அறுந்துபோகவில்லை.

"இழு புள்ள! மீனைப் பிடிக்கிறியா, தாலாட்டுறியா?"

"இழுத்தா அறுந்துரும் மாமா!"

"பூனை வயித்துலதான் பொறந்தியா நீ? மீனை ஓடவிட்டு வேடிக்கை பாக்குற!"

நீர்நாய் துடுப்பன் உருண்டு உருண்டு சிரித்தான். அவன் செம்பிக்குக் கூட்டாளி வேறு! "விடு செம்பி, சாயங்காலத்துக்குள்ள மீனுக்கு வயசாகி அதுவே கரையேறிரும்!"

செம்பி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உச்சிவெயிலில் சுட்ட நண்டு வாசனை வந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மரத்தடிக்கு ஓடி, நண்டுக்கால் யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்தது. குளத்தைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. அந்த நேரம் பார்த்து விரால் தாமரைக்குள் புகுந்து தண்டைச் சுற்றிக்கொண்டது. உடம்பு நனைந்தால் செம்பிக்கு ஆகவே ஆகாது. இருந்தும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினாள். தண்டு தண்டாக விலக்கி இழையை மேலே எடுத்துவிட்டாள்.

ஒருவழியாக மீன் களைத்துக் கரையோரம் சாய்ந்தது. செம்பிக்கு மூச்சு வாங்கியது. "மாமா! அளக்கிறதுக்கு நாரையாரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள்.

மாமா ஓடிவந்தார். நாரையைக் கூப்பிடவில்லை. குனிந்து விராலின் செவுளைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

"பிடிச்சிட்டேன்! எல்லாரும் வாங்க! கடுவன் பிடிச்சிட்டான்!"

கூட்டம் ஓடிவந்தது. "ஆகா, கடுவன்னா கடுவன்தான்!" என்று துடுப்பன் குதித்தான். நாரை, மீனைப் பாறைக்குழித் தண்ணீரில் போட்டுத் தன் காலை வைத்து அளந்தது. "முட்டிக்கு மேல வருது! இன்னைக்கு இதுதான் பெரிசு! மடு கடுவனுக்கு!"

"அநியாயம்! காலையிலிருந்து மீனோட போராடினது நான்! அவர் கடைசியில தூக்கினார், அவ்வளவுதான்!"

"தூண்டில் யாருதா இருந்தா என்ன, தூக்கினவனுக்குத்தானே மீன்?" என்றார் மாமா, மீசையைத் தடவிக்கொண்டே.

அத்தைப் பூனை செம்பியின் காதோடு சொன்னாள்: "சும்மா இரு புள்ள. குடும்பத்துக்குள்ள யார் பிடிச்சா என்ன? நாலு பேர் முன்னாடி மாமாவை அசிங்கப்படுத்தாதே."

செம்பிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மாமா செய்தது அசிங்கமில்லையாம். அதை வெளியே சொன்னால்தான் அசிங்கமாம்!

"உச்சிவெயில்ல நடந்ததை யாரும் பாக்கலைன்னுதானே பேசுறீங்க? பாத்த ஒரு ஆள் இருக்கு. விராலையே கேளுங்க!"

"மீன்கிட்ட சாட்சியா!" என்று மாமா சிரித்தார்.

பாறைக்குழியில் தண்ணீர் சளாரென்று தெறித்தது. விரால் தலையைத் தூக்கியது. செம்பியைவிட அதற்குக் கோபம்!

"இந்தச் சோம்பேறி பிடிச்சானா என்னை? வெளியே சொன்னா என் மானம் போயிரும்! யோவ் கடுவா, நான் எங்கே போய்ச் சிக்கினேன், சொல்லு பாப்போம்?"

மாமா விழித்தார். "அது... நடுக்குளத்துல, அடிச்சேத்துல."

"தாமரைத் தண்டுல சுத்திக்கிட்டேன்! என்னை எடுத்த ஆள் கழுத்துவரைக்கும் தண்ணிக்குள்ள வந்துச்சு. உன் வயித்துல ஒரு சொட்டு ஈரம் இருக்கா?"

எல்லாரும் பார்த்தார்கள். மாமாவின் முன்னங்கால் இரண்டும் ஈரம். மற்றபடி அவர் ரோமம் வெயிலில் மொறுமொறுவென்று நின்றது. செம்பியின் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. முதுகில் ஒரு தாமரை இலைக் கிழிசல் ஒட்டியிருந்தது.

துடுப்பன் தலையைக் குனிந்துகொண்டான். நாரை தொண்டையைக் கனைத்தது. "நான் காலைத்தான் வச்சு அளந்தேன், கண்ணை வைக்கலை. தப்புதான். மடு செம்பிக்கு."

செம்பி முள்ளை மெதுவாக எடுத்து விராலைக் குளத்தில் விட்டாள். அது திரும்பிப் பார்க்காமல் போனது.

கூட்டம் கலைந்தபிறகு மாமா பின்னாலேயே வந்தார். "கோடையில எனக்கும் தாகம் எடுக்குமே புள்ள. குடும்பத்துக்குள்ள..."

"தாராளமா வாங்க மாமா! தண்ணி இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் யார் பிடிச்ச விரால்னு என் குட்டிங்க முன்னாடி சத்தமா சொல்லிட்டு, அப்புறம் வாயை வைங்க!"

அடுத்தவர் உழைப்புக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதும் திருட்டுதான். சொந்தத்துக்குள் இதெல்லாம் சகஜம் என்று வாயை அடைக்கிறவர்கள் அந்தத் திருட்டுக்குக் கூட்டாளிகள்.