சூரப்பர் தின்ற பணியாரம்

மாட்டு மணிச் சத்தத்தை வைத்தே யார் வீட்டு வண்டி வருகிறது என்று சொல்லிவிடக்கூடிய அந்த நல்ல காலத்தில், மருதக்கோட்டை என்ற நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை. அந்த வருஷத்து ஆசை, பளிங்கில் ஓர் ஊஞ்சல் மண்டபம்.

கோட்டைக்குள் மேட்டுத்தெரு என்று சரிவான தெரு ஒன்று இருந்தது. அடிவாரத்து வளைவைத் தாண்டினால் சந்தைத் திடல். அங்கே இருந்தது ஒரே ஒரு நாவல் மரம். முதலில் வந்து சேரும் வண்டிக்குத்தான் அதன் நிழல் என்பது வழக்கம். சரக்கு வாங்கும் வெளியூர் வியாபாரிகளும் நேராக நிழலுக்குத்தான் வருவார்கள். அதனால் சந்தையன்று வண்டிகள் அந்தச் சரிவில் தலைதெறிக்க ஓடின. வளைவில் பணியாரக் கடை போட்டிருந்த வேலம்மையின் காலை ஒரு வண்டி முறித்தே விட்டது.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. வேகமாக ஓட்டுகிறவனுக்கு ஒரு வெள்ளிக்காசு தண்டம் என்று பறையறைவித்தார். தண்டத்தை வசூலிக்கும் வேலை அரண்மனை அதிகாரி சூரப்பருக்கு. வசூலில் பத்தில் ஒரு பங்கும் அவருக்கே. காசு கொட்டியது. மண்டபத்துக்குப் பளிங்குப் பலகைகளும் வந்து இறங்கின. ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. வேலம்மையின் பந்தல்காலும் போயிற்று.

"கடைதான் அரசே இடைஞ்சல். அடுத்த சந்தைக்குள் எடுத்துவிடலாம்" என்றார் சூரப்பர்.

மந்திரி கூத்தபிரான் தொண்டையைச் செருமினார். "அரசே, கருப்பட்டிப் பணியாரம் நினைவிருக்கிறதா?"

ராஜாவின் முகமே மாறிவிட்டது. "மறக்குமா? வேலம்மையின் தாய் சுடுவாள். அரண்மனைக்குத் தெரியாமல் ஓடிவந்து, அந்தத் தெருவின் குறுக்கே சக்கரம் உருட்டி விளையாடுவேன். அந்த நாளெல்லாம் இனி வருமா?"

"வாருங்கள், இன்றைக்குச் சந்தைதானே, மறுபடி ஒருமுறை குறுக்கே நடந்து பார்க்கலாம்."

இருவரும் மாறுவேடத்தில் போனார்கள். ராஜா காலை எடுத்து வைத்தார், பின்வாங்கினார், மறுபடி வைத்தார். கடைசிவரை கடக்க முடியவில்லை. அங்கேதான் அந்த வேடிக்கையையும் பார்த்தார். வண்டிக்காரர்கள் வெள்ளிக்காசைத் துணியில் முடிந்து நுகத்தடியில் முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். வளைவு வந்ததும் வேகத்தைக் குறைக்காமலே அதை அவிழ்த்து வீசினார்கள். காவலர்கள் துண்டை விரித்துப் பிடித்தார்கள். பிடிப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

"தண்டத்தை இரட்டிப்பாக்குகிறேன்" என்றார் ராஜா, சபைக்குத் திரும்பியதும்.

"துணியில் இரண்டு காசு முடிவார்கள், அவ்வளவுதான்" என்றார் மந்திரி. "நிழல் அதைவிட லாபம். ஒரே ஒரு சந்தைநாள் என்னிடம் விடுங்கள். கஜானாவுக்குக் காசு வேண்டாம். வேகமாக வருகிறவன் வேலம்மையின் கடையில் உட்கார்ந்து, விலை கொடுத்து, ஐந்து பணியாரம் தின்றுவிட்டுப் போகட்டும்."

சூரப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "குற்றவாளிக்குப் பணியாரமா? அப்படியானால் கொள்ளைக்காரனுக்குப் பாயசமா மந்திரியாரே?"

சபையும் சிரித்தது. ராஜாவுக்கு எரிச்சல். "சரி, உம்மிடமே விட்டேன். வண்டிகள் நிற்கவில்லை என்றால் அந்தக் கடையும் போகும், உம் பதவியும் போகும்" என்றார்.

சந்தைநாள் வந்தது. மிளகு வியாபாரி சாத்தப்பன்தான் முதலில் பாய்ந்து வந்தார். காவலர்கள் குறுக்குக் கட்டையைப் போட்டு நிறுத்தினார்கள்.

"காசை வாங்கிக்கிட்டு விடுப்பா."

"காசு கிடையாதுங்க. உட்கார்ந்து சாப்பிடணும்."

வேலம்மை நொண்டிக்கொண்டே வந்தாள். "உட்காருங்கண்ணே. அடுப்பு இப்பத்தான் பத்துது. சட்டி காயணும்ல?"

"அஞ்சு காசு தர்றேன் தாயி, மாவா இருந்தாலும் குடு, முழுங்கிட்டுப் போறேன்."

"ஐயையோ, பச்சை மாவு வயித்துக்கு ஆகாது" என்று நிதானமாக விசிறினாள் அவள். பூசணிக்காய் வண்டி ஒன்று ஆடி அசைந்து போய் நாவல் நிழலில் நின்றது. சாத்தப்பன் பணியாரத்தை அழுதுகொண்டே தின்றார்.

அன்றைக்கே சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வண்டிகள் எல்லாம் நடந்தே வந்தன. வசூல் ஒரு காசுகூட இல்லை. கஜானா பாழாகிறது என்று, சந்தைப் பக்கம் போயிருந்த ராஜாவிடம் முறையிட, சூரப்பர் தேரை விரட்டிக்கொண்டு மேட்டுத்தெருவில் இறங்கினார். கட்டை விழுந்தது.

"யாரென்று தெரியவில்லையா? இந்தா பத்துக் காசு, என்னை விடு" என்று கத்தினார். "அரசரைப் பார்க்க அவசரமாகப் போகிறேன். இங்கே உட்கார்ந்தால் என் காரியமே கெட்டுவிடும்."

"அரசர் இங்கேதான் இருக்கிறார், உட்காரும்" என்று பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல். கையில் கருப்பட்டிப் பணியாரத்தோடு மகுடவர்மன். "காசை வீச ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நீர். காத்திருக்கச் சொன்னதும்தான் பதறுகிறீர். மந்திரி இதைத்தானே சொன்னார்?"

சூரப்பர் தலை குனிந்து ஐந்தையும் தின்றார். இனி அவருக்குத் தண்டத்தில் பங்கு கிடையாது, யாரும் அகப்படாத சந்தைநாளுக்கு மட்டுமே சம்பளம் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். மண்டபத்துப் பளிங்குப் பலகைகள் வேலம்மை கடைக்கு ஆசனமாக வந்து சேர்ந்தன.

வருஷங்கள் போயின. மேட்டுத்தெருவில் மறுபடி பிள்ளைகள் சக்கரம் உருட்டினார்கள். யாருமே அகப்படாததால் அந்த ஆசனங்கள் காலியாகவே கிடந்தன. ஆனாலும் சந்தையன்று தவறாமல் ஒரு கிழட்டுக் குதிரை, நரைத்த ஒருவரைச் சுமந்து சரிவில் இறங்கும்.

"காவலனே, வேகமாக வந்துவிட்டேன், நிறுத்து."

"அரசே, குதிரை நடந்துதானே வந்தது?"

"ஓடித்தான் வந்தது. நான் சொல்கிறேன்."

காவலன் கட்டையைப் போடுவான். வேலம்மை சிரித்துக்கொண்டே சட்டியை அடுப்பில் ஏற்றுவாள்.