வேர்க்காத சட்டை

அந்தக் கடற்கரை ஊர் கால்பந்து கிளப்பில் ஒன்பதாம் நம்பர் சட்டை ஒன்றுதான். தலைவர் கஸ்பாரின் மருமகன் ஜெனிஸ்டன் அதைப் போட்டுக்கொண்டு முதலில் ஆடுவான். ஆட்டம் கைவிட்டுப் போகும்போது கழற்றி, வெளியே உட்கார்ந்திருக்கும் பெர்க்மான்ஸிடம் வீசுவான். பெர்க்மான்ஸ் இறங்கினால்தான் கோல் விழும்.

அரையிறுதி அன்று பெர்க்மான்ஸ் வாய்விட்டுக் கேட்டான்.

"இறுதி ஆட்டத்துலயாவது முதல்லயே இறக்குங்க, தலைவரே. ஆட்டத்தப் பாத்து வேலைக்கு ஆள் எடுக்க வாறாங்க."

"களைச்சவன்கிட்ட எவனும் கோல் அடிப்பான்டே. எதிர் டீம ஓடி ஓடிக் களைக்க வைக்கது என் மருமகன். இல்லன்னு சொல்ல ஒரு சாட்சி கொண்டு வா, பாப்போம்."

தலைவருக்கு எதிராக ஊரில் எவன் வாய் திறப்பான்?

அன்றும் பாதி ஆட்டத்துக்குமேல் சட்டை பறந்து வந்தது. பெர்க்மான்ஸ் அதைத் தலைவர் மூக்கருகே நீட்டினான்.

"இதான் சாட்சி. ஓடின சட்டையில பவுடர் வாசம்கூடப் போகல."

சனம் கொல்லென்று சிரித்தது. கஸ்பார் சிரிக்கவில்லை.

இறுதி ஆட்டத்திலும் மருமகனே இறங்கினான். கோல் மேல் கோல் வாங்கினார்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் எழுந்துபோன பிறகுதான் சட்டை கழன்றது. இந்தத் தடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இப்ப என்னடே சொல்லுத?" என்றார் கஸ்பார்.

பெர்க்மான்ஸ் சட்டையின் கைவிளிம்பை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"வேர்வைன்னா கரிக்கணுமே, தலைவரே. இது குழாய்த் தண்ணி."