மேலே இருந்த பெயர்

வசதியானவர்களின் முதலீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய நிறுவனம் கோயம்புத்தூரில் இருந்தது. குடும்பம் குடும்பமாகக் கணக்குகளை மென்பொருளில் அடுக்குவது சுகிர்தாவின் வேலை. வேலை பார்த்த மில் மூடியபிறகு, ஐம்பத்திரண்டு வயதில், அவளிடம் தொழில் கற்க வந்திருந்தார் அருளப்பன். அவளை 'மேடம்' என்பார். அவள் அவரை 'சார்' என்பாள்.

ஒரு மத்தியானம் நாச்சிமுத்து வந்தார். எண்பது வயது. பம்புசெட் கம்பெனி நடத்தியவர். அதை விற்று, வந்ததை மொத்தமாக மூன்று பிள்ளைகள் பெயருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்.

"வீட்டுக்காரிக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சிருச்சுங்க. நாளைக்கே ஆபரேஷன் பண்ணோணுங்கறாங்க. என்ற கணக்குல நாலு லட்சம் எடுத்துக் குடுங்க."

அருளப்பன் திரையைத் திறந்தார். உச்சியில் 'நாச்சிமுத்து குடும்பம்' என்று ஒரு பெட்டி. அதன்கீழ் இரண்டு மகன்கள், ஒரு மகள். அவரவர் கீழே அவரவர் கணக்குகள்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்ற பேருக்குப் பக்கத்துல எத்தனை கோடி போட்டிருக்குது! அதுலருந்து எடுங்க."

அருளப்பன் அந்தப் பெட்டிக்குள் போனார். பணம் எடுக்க அங்கே வழியே இல்லை.

"மேடம், இவ்வளவு காட்டுது. ஏன் எடுக்க முடியல?"

சுகிர்தா அவர் பக்கத்தில் வந்து நின்று, மூத்த மகனை அந்தக் குடும்பத்திலிருந்து விலக்கினாள். மேலிருந்த தொகை இறங்கியது. இளையவனை விலக்கினாள். இன்னும் இறங்கியது. மகளையும் விலக்கினாள்.

பெயர் இருந்தது. பக்கத்தில் பூஜ்யம் இருந்தது.

மூவரையும் பழையபடி சேர்த்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள்.

"அப்ப இதுல என்ற பணம் எதுங்க?" என்றார் நாச்சிமுத்து.

அருளப்பனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்க பேர்ல தனியா கணக்கு இல்லைங்க ஐயா. மேல தெரியறது அவங்க மூணு பேர் கணக்கோட கூட்டல். யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

அங்கிருந்தே போன் செய்தார்கள்.

"தம்பிகிட்ட கேளுங்கப்பா, இப்ப எடுத்தா எனக்கு நஷ்டம்" என்றான் மூத்தவன். இளையவன் போனை எடுக்கவில்லை.

"பசங்க ரெண்டு பேரு இருக்கறப்ப நான் எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"அவியளுக்கு என்ன சிரமமோ" என்றார் நாச்சிமுத்து, யாரும் கேட்காமலே. அஞ்சு மணிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கையெழுத்து வர ஆறு நாள் ஆயிற்று. ஆபரேஷன் நடந்தது. அவர் மனைவி இராமாத்தாள் அதன்பிறகு எழுந்து நடக்கவில்லை.

அந்தச் செய்தி வந்த அன்று அருளப்பன் திரையில் அந்தக் குடும்பத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனக்குன்னு ஒண்ணுமே இல்லாத மனுஷர் மேடம். அவர் பேரை எதுக்கு உச்சில போட்டோம்?"

சுகிர்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க ஒரு பேர் இல்லைன்னா, அந்த மூணு பேரையும் ஒரே குடும்பம்னு காட்ட முடியாது சார்."